மூச்சுக்காகக் காத்திருப்போர்

மனிதன் ஒரு நாளில் ஏறத்தாழ 20,000 முறை மூச்சு விடுகின்றான். அவற்றுள் ஒன்றுக்கேனும் அவன் இறைவனுக்கு நன்றி கூறியதுண்டா? நுரையீரல் தடித்துச் சுருங்கிப்போன நோயாளியைக் கேளுங்கள். அவர் ஒவ்வொரு மூச்சாக எண்ணிக் கொண்டிருக்கின்றார். மருந்துகள் பயனற்றுப்போன பின்னர், வேறொருவரின் நுரையீரலே அவருக்குரிய கடைசி வழியாகின்றது.

1963-ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் டாக்டர் ஜேம்ஸ் ஹார்டி முதன்முதலாக இவ்வுறுப்பை மாற்றிப் பொருத்தினார். நோயாளி 18 நாட்களே வாழ்ந்தார். நீடித்த வெற்றி 1983-ல் கனடாவின் டொரண்டோ நகரில் கிட்டியது. இன்று மருத்துவர் உண்டு, உறுப்புக்கே பஞ்சம். சிறுநீரகத்தை உயிரோடிருப்பவர் கொடுக்கலாம். நுரையீரலை அவ்வாறு பெறுவது மிக அரிது. இறந்தவரிடமிருந்து பெற முன்வந்தாலும் பெரும்பாலானவை பயன்படுவதில்லை. மூளை செயலிழக்கையில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கின்றது; செயற்கைச் சுவாசத்தின்போது கிருமிகள் தொற்றுகின்றன. எடுத்த உறுப்பையும் குளிரில் வைத்துச் சில மணி நேரத்திற்குள் பொருத்தியாக வேண்டும்.

அந்தச் சில மணி நேரத்தில்தான் நம் குடும்பங்கள், "மார்க்கத்தில் இது ஆகுமா?" என்று கேட்கின்றன. அழுதுகொண்டிருப்போர் மஸ்அலா ஆராய இயலுமா?

இறந்தவரின் எலும்பை முறிப்பதை உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். ஆகவே மையித்தின் கண்ணியம் அற்பமானதன்று. பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மது ஷஃபி போன்ற பெரியோர்கள் உறுப்பு மாற்றத்தைத் தடுத்ததற்கும் இக்கண்ணியமே முக்கியக் காரணம். எனினும் வேறொரு மஸ்அலாவையும் கவனியுங்கள். கருவுற்ற பெண் இறந்து, வயிற்றில் சிசு உயிரோடிருப்பதாக நம்பிக்கை இருந்தால், வயிற்றைக் கீறிச் சிசுவை எடுக்கலாம் என ஷாஃபிஈ, ஹனஃபீ நூல்கள் இரண்டும் அனுமதிக்கின்றன. ஓர் உயிரைக் காக்கும் நிர்ப்பந்தத்தின் முன், மையித்தின் உடலைக் கீறுதல் அவமதிப்பாகக் கருதப்படவில்லை. என் உள்ளம் சாய்வது இந்தப் பக்கமே.

1988-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், உயிர் அதனைச் சார்ந்திருக்குமாயின் இறந்தவரின் உறுப்பைப் பொருத்தலாம் எனத் தீர்மானித்தது. மரணத்திற்கு முன் அவரோ, பின்னர் வாரிசுகளோ அனுமதி தந்திருக்க வேண்டும். உறுப்பை விற்பது ஹராம். இந்தியாவின் 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் விற்பனையைத் தடுக்கின்றது.

மூளைச்சாவு மரணமாகுமா என்பதில்தான் கருத்து வேற்றுமை பெரிது. 1986-ல் அம்மானில் அதே அகாடமி அதனை ஏற்றது. மறு ஆண்டு மக்காவில் கூடிய மற்றோர் அகாடமி, இதயமும் மூச்சும் நின்றாலன்றி மரணச் சட்டங்கள் பொருந்தா என்றது. இரண்டாவது கருத்தைப் பின்பற்றுவோருக்கும் கதவு அடைபடவில்லை. இதயம் நின்ற பின்னரும் நுரையீரலை எடுக்கும் முறை சில நாடுகளில் நடைபெறுகின்றது. நம் நாட்டுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து மூளைச்சாவை உறுதி செய்ய வேண்டும். உறுப்பைப் பொருத்தும் குழுவினர் அந்நால்வருள் இடம்பெறலாகாது. மருத்துவமனைமீது ஐயமுறுவோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

நுரையீரலின்றி மறுமையில் எழுவோமா எனச் சிலர் அஞ்சுகின்றனர். மக்கிய எலும்பை ஒன்றுசேர்த்து, விரல் நுனியையும் செவ்வையாக்க வல்லவன் அல்லாஹ் என்பதை மறந்த அச்சம் அது!

வாசக அன்பர்களே! உங்கள் ஊர் ஆலிமிடம் உடல் நலத்தோடிருக்கும்போதே கேளுங்கள். ஆம் எனினும், இல்லை எனினும் மனைவி மக்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அட்டையில் கையொப்பமிட்டுப் பெட்டியில் பூட்டுவதால் பயனில்லை, அவ்வேளையில் மருத்துவர்கள் கேட்பது உறவினரையே. உறுப்பு எடுத்த உடலைத் தைத்துத் திருப்பித் தருவார்கள். குஸ்லின்போது தையலை அழுத்தாமல் மெதுவாக நீர் ஊற்றினால் போதும். கஃபனும் ஜனாஸாத் தொழுகையும் வழக்கம் போலவே.