ஆறு கஜப் பட்டு, ஆறு ஞாயிறு

வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த ஒரு சிற்றூரில், 2018ஆம் ஆண்டு நடைபெற்ற திருமணத் திருப்பலி ஒன்று இன்றும் என் நினைவை விட்டு அகலவில்லை. மணமகள் எனக்கு உறவுமுறையில் மகள். மணமக்கள் பீடத்தின் முன் முழந்தாளிட வேண்டிய நேரம் வந்தது. மணமகன் முழந்தாளிட்டார். பெண்ணோ நின்றபடியே தவித்தாள். வைகறையில் அவளுக்கு ஒப்பனை செய்ய வந்தவர் பட்டுப்புடவையை அழகாகத்தான் உடுத்தி விட்டிருந்தார். ஆனால் அந்த அழகு இருபதுக்கும் மேற்பட்ட ஊக்குகளின் தயவில் நின்றது. முழங்காலை மடக்கினால் கொசுவம் முழுவதும் ஒரு பக்கமாக இழுபட்டது. ஒருவாறு முழந்தாளிட்டு எழுந்தபோது, முன் வரிசையில் இருந்த எனக்கு ‘சர்’ரென்ற ஓசை கேட்டது. இடுப்பருகே ஊக்குக் குத்தியிருந்த இடத்தில் பட்டு நான்கு விரற்கடை அளவு கிழிந்திருந்தது.

அது கடையில் புதிதாக வாங்கிய புடவை அன்று. 1993இல் அவளுடைய தாய் உடுத்திய முகூர்த்தப் பட்டு. தாய்க்குப் பின் மூத்தவள், மூத்தவளுக்குப் பின் இளையவள் என்று அந்த வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். அன்று மாலை விருந்தில் அந்தத் தாய் எல்லாரோடும் சிரித்துத்தான் பேசினாள். இரவில் புடவையை மடிக்கும்போது அழுதாள் என்று பிறகு அறிந்தேன்.

யாரைக் குறை கூறுவது? ஒப்பனை செய்தவருக்கு அரை மணி நேரமே கிடைத்தது. மணப்பெண்ணுக்கோ அதற்கு முன் புடவை உடுத்திய நாட்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். நம் காலத்தில் பாவாடை சட்டை, பிறகு பாவாடை தாவணி, பிறகு புடவை என்று படிப்படியாக ஏறினோம். தாவணி புடவைக்கு அரிச்சுவடி அல்லவா? முந்தானையைத் தோளில் நிறுத்தவும், நடக்கையில் கால் தடுக்காமல் பார்த்துக்கொள்ளவும் அதிலேயே பழகிவிட்டோம். சுடிதார் வந்தபின் தாவணி போயிற்று. சுடிதாரை நான் பழிக்கவில்லை. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்கு விடியுமுன் பேருந்து பிடிக்கும் பெண்ணுக்கு அதுவே வசதி. ஆனால் ஏணியின் நடுப்படிகளை எடுத்துவிட்டு, திருமண நாள் காலையில் மேல்படிக்குத் தாவு என்று பெண்ணிடம் சொல்லுகிறோமே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வயது வந்தபின் புடவை கட்டக் கற்பது வெட்கப்பட வேண்டிய செய்தியும் அன்று. இன்று நாடெங்கும் வழங்கும் முறை, அதாவது உள்பாவாடையும் ரவிக்கையும் அணிந்து, முன்னால் கொசுவம் வைத்து, முந்தானையை இடத்தோளில் இடும் முறை, பரவியதே ஒருவர் கற்று மற்றவர்க்குக் கற்பித்ததால்தான். கவி இரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் சத்தியேந்திரநாத், ஐ.சி.எஸ். பதவி பெற்ற முதல் இந்தியர். 1860களில் அவருடன் பம்பாய் சென்ற அவர் மனைவி ஞானதானந்தினி தேவி, அங்கே பார்சிப் பெண்கள் உடுத்தும் பாங்கைக் கண்டு தமக்கேற்ப மாற்றிக்கொண்டார். அந்நாள் வங்காளத்தில் பெண்கள் வீட்டில் உடுத்திய முறை வெளியே செல்லத் தகுந்ததாக இல்லை. ஊர் திரும்பியதும், விரும்புவோர்க்குக் கற்றுத் தருவதாக அவர் ‘பாமாபோதினி’ இதழில் அறிவிப்பே கொடுத்தார்.

நம் பக்கத்தில் அதற்கு முன்பே வேறு முறைகள் இருந்தன. பாகூர் ஏரிப் பாசனத்தில் நாற்று நட்ட பெண்கள் பின்கொசுவம் வைத்துக் கட்டியதை மூத்த வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். கொசுவம் முதுகுப்புறம் போய்விடுவதால் குனிந்து நடக் கால் தடுக்காது; ஊக்கும் வேண்டாம். தமிழகத்தில் ஆய்வு செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் ஷாந்தால் பூலான்ஜே, இந்தியாவெங்கும் வழங்கும் புடவைக் கட்டுகளைத் திரட்டி 1997இல் ஒரு நூலே வெளியிட்டார். நம் பின்கொசுவமும் அதில் உண்டு. நம் பாட்டிமாரின் இடுப்பில் இருந்ததை ஒரு பிரெஞ்சுப் பெண்மணி எழுதி வைத்தார், நாம் மறந்தோம்.

இனி இளையவளின் கதைக்கு வருகிறேன். 2023இல் அவளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. அதே பட்டைத்தான் உடுத்துவேன் என்றாள். கிழிசலை இழை ஓட்டித் தைத்தாயிற்று. ஆயினும் மீண்டும் கிழிந்தால் என்ன செய்வது என்று தாய் அஞ்சினாள். தாயே கற்றுக் கொடுக்க முயன்றாள். முப்பது ஆண்டுகளாக நாள்தோறும் புடவை உடுத்தும் அவளுக்கு, எத்தனை மடிப்பு வைக்கிறாள் என்று சொல்லத் தெரியவில்லை. “இப்படித்தான், பார்” என்பாள்; பெண் பார்ப்பதற்குள் கட்டி முடித்திருப்பாள். கை அறிந்ததை வாய் அறியவில்லை. கடைசியில் பாகூர்ப் பக்கம் இருக்கும் ஆயாவிடம் அனுப்பினார்கள். ஆயா நான்கு பெண்களை வளர்த்துக் கட்டிக் கொடுத்தவர். சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவர். ஞாயிறுதோறும் பூசை முடிந்து பேத்தி அங்கே போவாள். இரண்டு வாரம் நானும் உடன் சென்றேன்.

“ஆயா, பட்டை எடுத்தாந்திருக்கேன்.”

“பட்டு எங்கேயும் ஓடிப்போயிடாதுடி. முதல்ல இதைக் கட்டு” என்று தம் பழைய நூல் புடவையை நீட்டினார் ஆயா. பலமுறை துவைத்த நூல் புடவை கைக்கு அடங்கும். தவறாக மடித்தாலும் பொறுத்துக்கொள்ளும்.

முதல் ஞாயிறு முழுவதும் ஒரே ஒரு சுற்றுத்தான். உள்பாவாடை பருத்தியாக இருக்க வேண்டும்; சாட்டின் துணி வழுக்கும். நாடாவை இறுக்கிக் கட்ட வேண்டும். அது தளர்ந்தால் மேலே கட்டுகிற ஆறு கஜமும் தளரும். அன்றைக்கு அணியப்போகும் செருப்பை முதலிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிடில் உயரம் கணக்குத் தவறும். உள்முனையை வலது இடுப்பில் செருகி, முன்புறமாக இடப்பக்கம் கொண்டுபோய், முதுகைச் சுற்றி மீண்டும் முன்னால் கொண்டுவர வேண்டும். கீழ்க்கரை எங்கும் ஒரே மட்டமாகப் பாதத்தைத் தொட வேண்டும். இந்தச் சுற்றில் விழும் கோணலை எந்த ஊக்காலும் பிறகு நிமிர்த்த முடியாது என்பதை அன்றுதான் நானும் சிந்தித்தேன்.

அடுத்த இரண்டு வாரம் கொசுவம். கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடைப்பட்ட அகலமே ஒரு மடிப்பு. முதல் மடிப்பு நேராக விழுந்தால் மற்றவை அதன்மேல் தாமே அமரும். மடிப்புகளின் வாய் இடப்பக்கம் பார்க்க, தொப்புளுக்கு நேரே செருக வேண்டும். பேத்தி மேலே பிடித்துக்கொள்ள, ஆயா மணையில் அமர்ந்து கீழே ஒவ்வொரு மடிப்பாக நீவி இழுத்து விட்டார். இந்த வேலைக்கு இன்னொருவர் இருந்தால் நல்லது. கண்ணாடி முன் தனியே நின்று போராடும் பெண்கள் இதை அறிவதில்லை.

நான்காம் ஞாயிறு எனக்கு மிகவும் பிடித்தது. அன்று கட்டுவதைவிட, கட்டிக்கொண்டு வாழ்வதைத்தான் ஆயா கற்பித்தார். திண்ணையில் ஏறி இறங்கச் செய்தார்; தண்ணீர்க் குடம் எடுக்கச் செய்தார்; தரையில் அமர்ந்து சாப்பிடச் செய்தார். பிறகு முழந்தாளிடச் சொன்னார். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முழங்கால் தரையைத் தொடுமுன் இடக்கையால் கொசுவத்தைச் சிறிது உயர்த்திக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் கரை முழங்காலின் கீழ் மாட்டிக்கொள்ளும். எழும்போது உடலின் பாரம் முழுவதும் இடுப்பில் செருகிய இடத்தை இழுக்கும். 2018இல் கிழிந்தது அப்படித்தான். அன்று அவள் முப்பது முறையாவது முழந்தாளிட்டு எழுந்திருப்பாள்.

ஐந்தாம் ஞாயிறு பட்டு வெளியே வந்தது. காஞ்சிப் பட்டு நூல் புடவையைப் போன்றதன்று. முறுக்கேற்றிய இழை, கரையை வேறாகவும் உடலை வேறாகவும் ஊடிழை ஓட்டித் தறியிலேயே கோத்து நெய்யும் கோர்வை, பட்டு நூலின்மேல் வெள்ளி இழை சுற்றித் தங்க முலாம் பூசிய சரிகை. எனவே அது கனக்கும், விறைத்து நிற்கும். மடிப்பு வைத்தால் அமராமல் புடைக்கும். முந்தானையோ தன் கனத்தாலேயே தோளிலிருந்து சரியும். ஆகையால் பட்டுக்கு ஆயா வரிசையை மாற்றினார். சுற்று முடிந்ததும் முதலில் முந்தானை: சீராக மடித்து, வலக்கையின் கீழாகக் கொண்டுவந்து, இடத்தோளில் இட்டு, பின்னால் முழங்கால் வரை தொங்கும்படி நிறுத்த வேண்டும். தோளில் ஒரே ஓர் ஊக்கு. அதுவும் ஒரு சட்டைப் பொத்தானை முதலில் கோத்து, பிறகு துணியில் குத்த வேண்டும். ஊக்கின் சுருளில் பட்டு மாட்டிக் கிழியாமல் பொத்தான் தடுக்கும். மிஞ்சிய துணியில் ஐந்தே மடிப்பு. தடித்த பட்டில் அதற்கு மேல் வைத்தால் வயிறு பருத்துத் தோன்றும். இழை ஓட்டிய இடம் மூன்றாம் மடிப்பின் உள்ளே போகுமாறு ஆயா பார்த்துக்கொண்டார்.

ஆறாம் ஞாயிறு கண்ணாடியைத் துணியால் மூடிவிட்டுக் கட்டச் சொன்னார்.

இப்போது மடிப்பு வைத்தே தைத்த புடவைகள் கிடைக்கின்றன. முன்னாளே மடித்துத் தேய்த்துக் கொடுப்போரும் உண்டு. நேரமற்றவர்க்கு அவை உதவும். ஆயினும் தாயின் பட்டைத் தையல் இயந்திரத்தின் கீழ் வைக்க எனக்கு மனம் வராது. தேய்ப்பதானால் மேலே மெல்லிய பருத்தித் துணி விரித்து மிதமான சூட்டில் தேய்க்க வேண்டும். தண்ணீர் தெளித்தால் பட்டில் கறை நிற்கும்.

திருமண நாளன்று பெண் தானே உடுத்தினாள். தமக்கை கீழே அமர்ந்து மடிப்புகளை நீவி விட்டாள். மொத்தம் மூன்று ஊக்கு. பீடத்தின் முன் முழந்தாளிடும் நேரம் வந்தபோது அவள் இடக்கை தானாகவே கொசுவத்தைத் தொட்டதைக் கண்டேன். எழுந்தாள். ஓசை ஏதும் கேட்கவில்லை. தாய் அப்போதுதான் மூச்சு விட்டாள் என்று நினைக்கிறேன்.

மறுநாள் புடவையை வெயில் படாத கொடியில் ஒரு பகல் உலர்த்தினார்கள். இரும்பு பீரோவில் வெறுமனே வைக்காமல், பழைய வேட்டியில் சுற்றி வைத்தார்கள். அந்துருண்டை சரிகையைத் தொடக்கூடாது என்று ஆயா தொலைபேசியில் இரண்டு முறை நினைவூட்டினாராம். ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்தால் சரிகை அந்த இடத்திலேயே ஒடியும். ஆகவே மூன்று மாதத்திற்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். முதல் முறை மாற்றியபோது நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். ஒரு முனையைத் தமக்கையும் மறுமுனையைத் தங்கையும் பிடித்துக்கொள்ள, இழை ஓட்டிய இடத்தில் மடிப்பு விழாமல் நான்கு விரல் தள்ளி மடித்தார்கள்.