குண்டு முதலில், துளை பிறகு



என் கட்டுரை ஒரு தோல்வியில் ஆரம்பிக்கிறது. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டில் நாங்கள் நால்வர். ஷாஃப்ட் ஒன்றைத் தாங்க 6204 பேரிங். அதன் வெளி விட்டம் 47 மி.மீ. என்று கேட்லாக் சொல்கிறது. பேரிங் வாங்கக் காசு சேரவில்லை. 'அளவுதான் தெரியுமே, ஹவுசிங்கைப் போர் பண்ணி வைச்சிடலாம்டா' என்று லேத்தில் ஏற்றினோம். H7 ஃபிட்டுக்கு 47.000-லிருந்து 47.025 வரைதான் அனுமதி. நாங்கள் நிறுத்தியது 47.15-ல். பேரிங் வந்த அன்று, கையை விட்டதும் 'தொபுக்' என்று உள்ளே விழுந்தது. துளையைச் சுற்றி சென்டர் பஞ்சால் குத்திக் குத்திப் பிடிக்க வைத்தோம். வைவாவில் எக்ஸ்டர்னல் அந்தக் குத்துகளை விரலால் தடவிப் பார்த்து, "இது என்னப்பா, அம்மைத் தழும்பா?" என்றார். நால்வரும் தலை குனிந்து நின்றோம்.

இந்தக் கதையை எங்கள் என்.சி.சி. முகாமில் ஒரு பெரியவரிடம் சொன்னேன். ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். சிரித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, போட்டி ரைஃபிள் செய்யறவன் எந்தக் குண்டுன்னு தெரியாம குழல்ல ரீமரை விட மாட்டான். நீங்க பேரிங்கைப் பார்க்காம துளை போட்டிருக்கீங்க."

அன்றிலிருந்து அதைத் தேடிப் படித்தேன். நமக்கான பாடம் அதில் நிறையவே இருக்கிறது.

முதலில் இரண்டு சொற்கள். தோட்டா என்பது முழுப் பொருள்: பித்தளைக் கூடு, அடியில் ப்ரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. இதில் குழல் வழியே பறப்பது குண்டு மட்டுமே. தோட்டா உட்காரும் அறை சேம்பர். சேம்பர் முடிந்து, குழலின் சுருள் வரிகள் ஆரம்பிக்கும் வரை உள்ள சிறு இடம்தான் த்ரோட், அதாவது தொண்டை.

1952-ல் வந்த .308 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். குண்டின் விட்டம் 7.82 மி.மீ. குழலில் பள்ளத்துக்குப் பள்ளம் 7.82, மேட்டுக்கு மேடு 7.62. ஆக ஒவ்வொரு மேடும் 0.1 மி.மீ. உயரம். குண்டு அந்த மேடுகளில் அழுந்தித்தான் சுழற்சி பெறுகிறது. சுழன்றால்தான் நேராகப் போகும்.

த்ரோட்டில் இரண்டு பகுதி. முதலில் குண்டைவிட ஒரு மயிரிழை பெரிய நேர் உருளை. அடுத்து, மேடுகள் மெல்ல எழும் சரிவு. சரிவு ஒன்றரை டிகிரி என்று வைத்துக்கொண்டு டான்ஜன்ட் போட்டுப் பாருங்கள்: 0.1 மி.மீ. ஏற ஏறக்குறைய 4 மி.மீ. நீளம் வேண்டும். நாம் படித்த டேப்பர்தான், வேறொன்றுமில்லை.

இப்போது சிக்கலுக்கு வருவோம். விட்டம் ஒன்றாக இருந்தாலும் எல்லாக் குண்டும் ஒரே நீளம் இல்லை. எடை கூடினால் நீளம் கூடும். மூக்கின் வளைவும் மாறும்.

நீளக் குண்டை, குட்டைத் த்ரோட் உள்ள ரைஃபிளில் போட்டால்? மூக்கு வரிகளில் முட்டும். அதைத் தவிர்க்கக் குண்டைக் கூட்டுக்குள் ஆழமாக இறக்க வேண்டும். மருந்துக்கான இடம் குறையும், அழுத்தம் ஏறும். முட்டியபடியே சுட்டாலும் அழுத்தம் ஏறும், இது ஆபத்து.

குட்டைக் குண்டை நீளத் த்ரோட்டில் போட்டால்? கூட்டை விட்டு வெளியே வந்த குண்டு, வரிகளைத் தொடும் முன் வெற்றிடத்தில் தாவ வேண்டும். அந்தத் தாவலில் சற்றே சாய்ந்தால், சாய்ந்தபடியே வரியில் நுழையும். 25 கெஜத்தில் அது தெரியாது. 1000 கெஜத்தில், அதாவது 914 மீட்டரில், இலக்கின் நடுவை விட்டு எங்கோ போய் நிற்கும்.

இதற்கு நல்ல உதாரணம் பாமா போட்டி. 1876-ல் அமெரிக்காவில் தொடங்கியது. 800, 900, 1000 கெஜ தூரங்களில் நடப்பது. இந்த வகை டார்கெட் ரைஃபிள் போட்டிகளின் சர்வதேச விதிப்படி, .308 குண்டு 156 கிரெய்னுக்குக் குறைவாக இருக்க வேண்டும். எனவே வழக்கமாகப் போடுவது 155 கிரெய்ன். நம் கணக்கில் சுமார் 10 கிராம். விதி குண்டை முடிவு செய்துவிட்டது. அதன்பின் த்ரோட் அதற்கேற்ப வெட்டப்படுகிறது. 'பாமா 95' என்ற ரீமர் இந்த 155 கிரெய்ன் குண்டை மனதில் வைத்து உருவானதுதான்.

அளவு எப்படி எடுக்கிறார்கள்? மருந்தும் ப்ரைமரும் இல்லாத ஒரு டம்மி தோட்டாவைத் தயார் செய்வார்கள். தேர்ந்தெடுத்த குண்டின் அடிப்பாகம் பொதுவாகக் கூட்டின் கழுத்துக்குள்ளேயே நிற்கும்படி வைப்பார்கள். அந்த நிலையில் மூக்கு வரிகளிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று முடிவு செய்வார்கள். அரை மில்லிமீட்டர் என்பதுபோலச் சின்ன எண்தான். டம்மியைப் பார்த்து ரீமர் தயாராகும். நீளத்தைக் குண்டின் நுனியிலிருந்து அளக்க மாட்டார்கள். போட்டிக் குண்டுகளின் நுனி ஒன்றுபோல இருக்காது. வரியைத் தொடும் வளைவிலிருந்துதான் அளப்பார்கள். 'எங்கே பொருந்துகிறதோ அங்கே அளவெடு' என்று மெட்ராலஜி லேபில் நமக்குச் சொன்னது இதுதான்.

இன்னொன்று: சந்தேகம் வந்தால் த்ரோட்டைக் குட்டையாகவே விடுவார்கள். பிறகு த்ரோட் ரீமரால் நீட்டலாம், குறைக்க முடியாது. குறைக்க வேண்டுமானால் குழலின் பின்பக்கத்தை அறுத்து, மரை போட்டு, சேம்பரையே புதிதாக வெட்ட வேண்டும். சுடச் சுட, சூட்டு வாயு த்ரோட்டைத் தின்றுகொண்டே போகும். வரிகள் தானாகவே முன்னால் நகரும். இன்று பொருந்தியது சில ஆயிரம் குண்டுகளுக்குப் பின் பொருந்தாது. அளந்து அளந்துதான் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதும் மாற்றுவதும் நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். லேத் கையில் இருக்கிறதே என்று யாரும் கிளம்ப வேண்டாம்!

எங்கள் கதையை முடித்துவிடுகிறேன். புது காஸ்டிங் வாங்கினோம். அதற்காக ஒரு நண்பன் மெஸ் பணத்தைக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் டீயும் பன்னும் சாப்பிட்டான். இந்த முறை பேரிங்கை மேசையில் வைத்து, மைக்ரோமீட்டரால் அளந்து, 46.8-ல் நிறுத்தி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தோம். கட்டை விரலால் அழுத்த, பேரிங் மெதுவாக உள்ளே போய் உட்கார்ந்தது. வைவா மார்க் ஏற்கெனவே போய்விட்டது. அதற்கு இனி ஒன்றும் செய்ய முடியாது.

ஜூனியர்களுக்கு ஒரு வார்த்தை: உள்ளே உட்காரப்போகும் பொருள் கைக்கு வரும் வரை துளையை முடிக்காதீர்கள். சீவிய இரும்பு திரும்பி வராது.