நள்ளிரவில் அலறும் கம்ப்யூட்டர்: நொடியில் அடக்குவது எப்படி?

ஸ்ரீராமபுரத்திலும் விவேக் நகரிலும் ஒண்டுக் குடித்தனம் இருப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவே ஒற்றைச் சுவர். பகலெல்லாம் உழைத்தவர் இரவில்தான் கம்ப்யூட்டரில் ஊரிலுள்ள தாயாரின் முகம் பார்த்துப் பேச முடிகிறது. அந்த நேரத்தில் ஏதோ விளம்பரம் திடீரென்று அலறினால், மறுநாள் குழாயடியில் வாங்கிக் கட்டிக்கொள்வது நம் வீட்டுப் பெண்கள்தான்!

எஸ்.பி. ரோட்டில் பழைய கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களில் பலர், காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுக்கொள்கிறார்கள். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளிலும் சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் இருந்தது. இதில் சத்தத்தைக் குறைக்க 'செட்டிங்ஸ்' வரை போக வேண்டியதே இல்லை.

திரையின் ஓரத்தில் சிறிய ஸ்பீக்கர் படம் இருக்கும். மவுஸ் முனையை அதன்மேல் வைத்து, அழுத்தாமல், சக்கரத்தை மட்டும் உருட்டுங்கள். சத்தம் ஏறும், இறங்கும். கே.டி.இ., எக்ஸ்.எஃப்.சி.இ. திரைகளில் அதே சக்கரத்தை ஒருமுறை அழுத்தினால் போதும், வாயடைத்துவிடும்! மடிக்கணினியில் மேல்வரிசை விசைகளிலும் ஸ்பீக்கர் படம் உண்டு. சிலவற்றில் 'எஃப்என்' விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

முழு அளவு வைத்தும் சத்தமில்லையா?

மாடித் தொட்டியின் கீழுள்ள வால்வு மூடியிருந்தால் சமையலறைக் குழாயைத் திறந்து என்ன பயன்? கம்ப்யூட்டரிலும் அப்படியொரு அடி வால்வு உண்டு. டெர்மினல் என்னும் கட்டளைப் பெட்டியைத் திறந்து, ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஏ-எல்-எஸ்-ஏ-எம்-ஐ-எக்ஸ்-இ-ஆர் என்று சேர்த்து எழுதி 'என்டர்' தட்டுங்கள். வரிசையாகத் தூண்கள் தோன்றும். ஒரே ஒரு தூண்தான் தெரிகிறதென்றால் எஃப்6 அழுத்தி ஒலி அட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்போன் தூண்களின் அடியில் 'எம்எம்' என்றிருந்தால் வால்வு மூடியிருக்கிறது என்று பொருள். பக்கவாட்டு அம்புக்குறியால் அங்கே போய் 'எம்' விசையைத் தட்டினால் திறந்துகொள்ளும். மேல், கீழ் அம்புகள் அளவைக் கூட்டிக் குறைக்கும். 3-ஐத் தட்டினால் நேரே 30 சதவீதம். வெளியேற 'எஸ்கேப்'.

சில லினக்ஸ் திரைகள் 150 சதவீதம் வரை ஏற்ற அனுமதிக்கின்றன. ஆசைப்படாதீர்கள். நூறைத் தாண்டினால் ஒலி அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டு, குரல் கரகரக்கும். இயர்போனில் காதுக்கும் கேடு. பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை.

இன்னொன்று. இயர்போனுக்கு ஓர் அளவு, ஸ்பீக்கருக்கு ஓர் அளவு என்று லினக்ஸ் பெரும்பாலும் தனித்தனியே நினைவில் வைக்கிறது. மெதுவாகத்தானே வைத்தோம் என்று இயர்போனைப் பிடுங்கினால், மாலையில் பாட்டுக் கேட்ட அதே அளவில் ஸ்பீக்கர் முழங்கும். இரவில் முதலில் சத்தத்தை நிறுத்துங்கள், பிறகு கழற்றுங்கள்.