தோட்டாவுக்குள்ள இருக்கறது நம்ம பஞ்சு

போன வாரம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கறவர். அவங்க தாத்தா தோட்டக் காவலுக்கு லைசன்ஸ் வாங்கி வெச்சிருந்த .315 ரைஃபிள் ஒண்ணு வீட்டுல இருக்காம். தாத்தா இறந்துட்டார். "அண்ணா, வெளிநாட்டுக்காரங்க வீட்டு மேஜையில தராசு வெச்சுத் தோட்டா தயார் பண்ற வீடியோ பாத்தேன். நாமளும் பண்ண முடியுமா? எந்த மருந்து போட்டா குறி தப்பாது? பட்டாசு மருந்தே போதும்னு ஒருத்தர் சொல்றார்"ன்னு கேட்டிருந்தார்.

கடைசி வரியைக் கேட்டதும் உடனே போன் பண்ணிட்டேன். அவர்கிட்ட சொன்னதைத்தான் இந்த எபிசோடுல கொஞ்சம் விரிவா பேசப்போறேன்.

சட்டத்தை முதல்ல முடிச்சிடலாம். துப்பாக்கிக்கு லைசன்ஸ் இருந்தா தோட்டா தயாரிக்கலாம்னு அர்த்தம் கிடையாது. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி அதுக்குத் தனி உரிமம் வேணும். தாத்தா பேர்ல இருந்த லைசன்ஸ் பேரனுக்குத் தானா வராது. வேட்டையைப் பொறுத்தவரை 1972 வன உயிரினச் சட்டம் கதவைச் சாத்திடுச்சு. காட்டுப்பன்றித் தொல்லைக்காகத் தமிழ்நாடு அரசு 2025-ல நடைமுறை கொண்டுவந்தப்பவும், சுடற வேலையை வனத்துறைகிட்டதான் கொடுத்தது. அதனால இது செய்முறை எபிசோடு இல்லைங்க.

ஆனா கேள்வி நல்ல கேள்வி. "எந்த மருந்து?"ங்கறதுல ஒரு பெரிய விஞ்ஞானமே இருக்கு. அதுல நம்ம ஊர்ப் பஞ்சும் இருக்கு.

ஜின்னிங்ல பஞ்சைப் பிரிச்ச பிறகும் பருத்திக் கொட்டை மேல குட்டைக் குட்டையா இழை ஒட்டிக்கிட்டிருக்கும். லிண்டர்னு சொல்வாங்க. நூல் நூற்க உதவாது. அந்த மாதிரிப் பஞ்சை அமிலத்துல பதப்படுத்தினா நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். 1846-ல ஷோன்பைன்ங்கற வேதியியலாளர் வெளியுலகத்துக்குச் சொன்னது இது. இன்னைக்கு ரைஃபிள்ல போடற புகையில்லா மருந்துக்கு இதுதான் அடிப்படை. முதல் உலகப்போர் நடக்கும்போது, 1915 ஆகஸ்ட்ல, ஜெர்மனிக்குப் பஞ்சு போகக்கூடாதுன்னு பிரிட்டன் அதைத் தடைசெய்யப்பட்ட போர்ச் சரக்கா அறிவிச்சது. பனியன் துணிக்காக இல்லைங்க, மருந்துக்காக.

சரி, சுடும்போது உள்ளே என்ன நடக்குது? பித்தளைக் குழலோட அடியில ப்ரைமர், நடுவுல மருந்து, வாயில குண்டு. ப்ரைமர் பத்த வைக்கும், மருந்து எரியும், வாயு குண்டைத் தள்ளும். "எரியும்"ங்கற வார்த்தை முக்கியம். நல்ல ரைஃபிள் மருந்து வெடிக்காது, எரியும். குண்டு குழாயை விட்டு வெளியேற ஒரு மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் மேல ஆகும். அந்த நேரத்துக்குள்ள, குண்டு முன்னால நகர நகர, பின்னால அழுத்தத்தை விடாம கொடுத்துக்கிட்டே இருக்கணும்.

கைத்துப்பாக்கிக்குக் குட்டைக் குழாய், லேசான குண்டு. அதுக்கு வேகமா எரியற மருந்து சரி. வேட்டை ரைஃபிளுக்கு நீளக் குழாய், கனமான குண்டு. அதுக்கு மெதுவா எரியற மருந்து வேணும். வேகமான மருந்தை ரைஃபிள்ல போட்டா, குண்டு அசையறதுக்குள்ள அழுத்தம் உச்சத்துக்குப் போயிடும். பட்டாசு மருந்து அதைவிட மோசம். மொத்தமும் ஒரே நேரத்துல பத்திக்கும், வாயுவுக்குப் போக இடம் இருக்காது, இரும்பு கிழியும். சுடறவரோட முகம் அதுக்குப் பக்கத்துலதான் இருக்கும்.

வேகத்தை எப்படிக் கட்டுப்படுத்தறாங்க? பெரும்பாலும் வடிவத்தாலதான். இடியாப்பம் பிழியற மாதிரி மருந்து மாவை அச்சுல பிழிஞ்சு, துண்டு துண்டா நறுக்குவாங்க. துண்டு தடிமனா இருந்தா மெதுவா எரியும். நடுவுல ஓட்டை போட்டா, வெளிப்பக்கம் எரிஞ்சு சுருங்கும்போது உள்பக்கம் எரிஞ்சு விரியும். அதனால வாயு சீரா வரும். மேல ஒரு பூச்சு கொடுத்து ஆரம்ப எரிதலைத் தாமதப்படுத்தறதும் உண்டு.

இப்ப குறிக்கு வருவோம். அதிக வேகம் கொடுக்கற மருந்துதான் நல்ல மருந்துன்னு நிறையப் பேர் நினைக்கறாங்க. குறி பாத்துச் சுடறவங்க தேடறது வேற. பத்து தோட்டா சுட்டா பத்தும் ஏறக்குறைய ஒரே வேகத்துல போகணும். இல்லைன்னா தூரத்துல ஒண்ணு மேல விழும், ஒண்ணு கீழ விழும். குழலை ஓரளவு நிரப்பற மருந்தை அவங்க விரும்பறதுக்கும் இதுதான் காரணம். பாதிக் குழல் காலியா இருந்தா, துப்பாக்கியைச் சாய்ச்சா மருந்து ஒரு பக்கம், நிமிர்த்தினா இன்னொரு பக்கம். பத்தற விதம் மாறும்.

நம்ம மே மாச வெயில் இதுல ஒரு பழைய வில்லன். 1889-ல ஏபெல், டூவர்ங்கற ரெண்டு பேர் பிரிட்டன்ல கார்டைட் கண்டுபிடிச்சாங்க. பஞ்சு மருந்தும் நைட்ரோகிளிசரினும் சேர்த்து, கயிறு மாதிரி இழுத்தது. பேரே கயிறுங்கற ஆங்கில வார்த்தையில இருந்து வந்ததுதான். ஆனா வெயில் ஏற ஏற அழுத்தமும் ஏறும். லண்டன் குளிர்ல சரியா இருந்த தோட்டா, இங்க சுட்டதும் குழலை விட்டு வெளிய வராம இறுகிடும். இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு இன்னும் சிக்கல். ரெண்டு குழாயும் ஒரே இடத்துல அடிக்கணும்னா குறிப்பிட்ட வேகம் வேணும். வேகம் மாறினா ரெண்டும் வேற வேற இடத்துல அடிக்கும். அதனால வெப்ப நாடுகளுக்குன்னு கொஞ்சம் குறைச்சு மருந்து போட்ட தோட்டா வித்தாங்க. 1911-ல வந்த .416 ரிக்பி தோட்டாவோட குழல் அவ்வளவு பெருசா இருக்கறது, அழுத்தத்தைத் தாழ்வா வெச்சுக்கத்தான். காயம்பட்ட சிறுத்தை புதருக்குள்ள இருக்கும்போது, இறுகின தோட்டா வேட்டைக்காரனுக்கு உயிர்ப் பிரச்னை. விலங்குக்கும் நாள்கணக்கான வேதனை.

அந்தக் கார்டைட்டை நம்ம பக்கத்துலயே தயாரிச்சாங்க. மேட்டுப்பாளையத்துல மலை ரயில் ஏறினா குன்னூர், வெலிங்டன், அதுக்கடுத்த ஸ்டேஷன் அருவங்காடு. இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்துல அங்க வந்ததுதான் கார்டைட் ஃபேக்டரி. 2021 அக்டோபர்ல இருந்து மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தோட கீழ இருக்கு. ஊட்டி டூர் போறப்ப நான் பல தடவை கடந்து போயிருக்கேன், ஒரு தடவைகூட பஞ்சைப் பத்தி யோசிச்சதில்ல.

இன்னொண்ணு, திருப்பூர்க்காரங்களுக்குச் சட்டுன்னு புரியும். ஒரே கலர் நம்பர், ஒரே டையிங், ஆனா லாட் மாறினா ஷேடு மாறும். பையர் திருப்பி அனுப்பிடுவான். மருந்தும் அப்படித்தான். ஒரே பேர், ஒரே டப்பா, லாட் மாறினா எரியற வேகம் லேசா மாறும். அதனால வெளிநாட்டுல அனுமதியோட இதைச் செய்யறவங்க, புது டப்பா திறந்தா தயாரிப்பாளர் புத்தகத்துல இருக்கற கீழ் அளவுல இருந்து திரும்பவும் ஆரம்பிக்கறாங்க.

நேயர்கிட்ட இதெல்லாம் சொல்லி முடிச்சப்ப, அவர் மெதுவா, "அட்டாலியில தாத்தாவோட பழைய தோட்டா டப்பா ஒண்ணும் இருக்குங்ணா, பித்தளை பச்சை பூத்திருக்கு"ன்னார். நைட்ரோசெல்லுலோஸ் வருஷம் போகப் போகச் சிதையும். சூடான அட்டாலியில இன்னும் சீக்கிரம். அப்படிப்பட்ட தோட்டா சுடாமலே போகலாம். இல்லைன்னா 'கிளிக்'னு சத்தம் கேட்டு, துப்பாக்கியைத் திறக்கற நேரத்துல வெடிக்கலாம். பிரிச்சுப் பாக்காதீங்க, எரிக்காதீங்க, குப்பையில போடாதீங்கன்னு சொன்னேன். மறுநாள் அவங்க அப்பா ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி விவரம் சொல்லி, துப்பாக்கியையும் டப்பாவையும் அவங்க சொன்ன முறையில ஒப்படைச்சு, ரசீது வாங்கிட்டு வந்தாராம்.