காற்றின் வாக்கு
தைப்பொங்கல் நாளின் பிற்பகலில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் விசித்திரப் பட்டப் போட்டி நடைபெறுவது வழக்கம். மூங்கிலும் தாளும் நூலும் கொண்டு இளைஞர் ஆக்கிய உருவங்களை நடுவர் மதிப்பிடுவர். மணலில் திரண்ட ஊராரோ தம் ஆரவாரத்தால் தீர்ப்பளிப்பர். எனினும், இவ்விரு சாராருக்கும் முன்னர்த் தன் வாக்கை அளிப்பது வாடைக்காற்றே.

பட்டம் காற்றை எதிர்கொள்ளும் சாய்வை முச்சைக் கட்டே நிருணயிக்கின்றது. அது விரற்கடை பிசகினும் பல நாள் உழைப்புக் கரணமடித்து வீழும். அழகு அதனைக் காவாது. முச்சையை அவிழ்த்து மீண்டும் கட்டுபவனே விசையின் இயல்பை உணர்கின்றான். கரும்பலகையில் நாம் வரையும் விசைக்கோடுகளை அவன் கைகள் முன்னரே அறியும்.

வீழ்ந்த பட்டத்தை எள்ளாது, அது மீண்டும் எழும்வரை காத்திருக்கும் ஊரே நல்ல நடுவர். நம் வகுப்பறைகளும் அத்தகைய கடற்கரைகளாகுக.