வேலியோர மஞ்சள் அரளி: இதயத் துடிப்பைக் கெடுக்கும் விதை

புதுச்சேரி உழவர்கரை நகராட்சிக்கு உட்பட்ட ரெட்டியார்பாளையம் போன்ற ஊர்களில் இன்று வீடுகள் நெருங்கிவிட்டன. எனினும் மனையோரத்திலும் வேலியிலும் மஞ்சள் அரளியைக் காணலாம். பொன்னரளி என்றும் இதனை அழைப்பர். வறட்சியைத் தாங்கும், ஆடு மாடு எளிதில் கடிக்காது, பூ பூசைக்கு ஆகும். ஆகவே பலரும் விரும்பி வளர்க்கின்றனர். ஆனால் இதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு. விதையில் அது மிகுதி.

நஞ்சு செய்யும் வேலை

இதயத் தசையின் ஒவ்வோர் உயிரணுவிலும் சோடியத்தை வெளியே இறைத்து, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் அமைப்பு உண்டு. வயலுக்கு நீர் இறைக்கும் பம்பு போன்றது அது. மஞ்சள் அரளியிலுள்ள தெவெட்டின் முதலிய பொருள்கள் அந்தப் பம்பை நிறுத்திவிடுகின்றன. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது. துடிப்பு மந்தமாகிறது, தாறுமாறாகிறது, சில வேளை நின்றும் போகிறது.

இதே இனத்தைச் சேர்ந்த பொருள்கள் டிஜிடாலிஸ் செடியிலும் உள்ளன. அதனை இதய நோய்க்கு மருந்தாகப் பயன்படுத்தும் முறையை ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங் 1785இல் எழுதி வெளியிட்டார். அளவறிந்தால் மருந்து, அளவு தப்பினால் நஞ்சு.

உடனே செய்ய வேண்டியது

குழந்தை விதையைக் கடித்துவிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு, வாய் மரத்தல், தலைச்சுற்றல் காணலாம். எதுவும் இல்லாவிடினும் காத்திருக்கக் கூடாது. துடிப்புக் கோளாறு பல மணி நேரம் கழித்தும் தோன்றும். கைவைத்தியம் வேண்டாம், வாந்தி எடுக்கச் செய்யவும் வேண்டாம். கடித்த காயை எடுத்துக்கொண்டு, இ.சி.ஜி. வசதியுள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ரெட்டியார்பாளையத்தாருக்குக் கோரிமேட்டில் ஜிப்மர் அருகிலேயே உள்ளது.

மருத்துவர்கள் நாடியைத் தொடர்ந்து கண்காணித்து, அட்ரோபின் கொடுப்பர். தேவைப்பட்டால் தற்காலிக பேஸ்மேக்கர் பொருத்துவர். இந்நச்சுக்கு முறிமருந்தும் உண்டு. அது துடிப்பைச் சீராக்குவதை இலங்கையில் நடந்த ஆய்வு 2000இல் மெய்ப்பித்தது. ஆனால் விலை மிக அதிகம்; எங்கும் கிடைப்பதில்லை.

வேலியில் கவனம்

வெட்டிய கிளைகளைத் தீவனத்துடன் கலந்துவிடாதீர்கள். காய்ந்த தழையிலும் நஞ்சு நீங்குவதில்லை. பச்சையை ஒதுக்கும் மாடும் சருகைத் தின்றுவிடக்கூடும். உதிர்ந்த காய்களைக் கூட்டிப் புதைத்துவிடுங்கள். சிறுவர் விளையாடும் இடத்தில் மஞ்சள் அரளிக்குப் பதில் கிளுவையோ மருதாணியோ நடுவது நலம்.