கோட்டைப் பதிவேட்டில் ஒரு பாஸ்டன் குடும்பம்

கசார்வாடியில் குடியேறிய நம்மவர் பலர், பாட்டனார் நிலத்துக்குப் பட்டாவும் வில்லங்கச் சான்றும் தேடி ஊருக்கு அலைவதுண்டு. அமெரிக்கக் குடியேற்றக் காலத்தவர் ஒருவரின் குடும்பத்தைத் தேடுவோரும் சென்னைக்கே வரவேண்டும்!

1649-இல் பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக விளங்கினார். 1680-இல் அங்குள்ள புனித மேரி ஆலயத்தில், ஜோசப் ஹின்மர்ஸின் விதவை காதரினை மணந்தார். அவ்வாலயப் பதிவேட்டின் முதல் திருமணம் அதுவே. மகன் டேவிட் 1688-இல் குழந்தைப் பருவத்திலேயே மாண்டு, ஹின்மர்ஸின் கல்லறையிலேயே அடக்கமானான்.

சென்னையில் சேர்த்த செல்வத்திலிருந்து 1718-இல் யேல் அனுப்பிய சரக்குகள் 562 பவுனுக்கு விற்றன; அமெரிக்கக் கல்லூரியொன்று அவர் பெயரைச் சூடியது. பின்னும் 500 பவுன் அளிக்க எண்ணினார். 1721-இல் கையொப்பமிட்ட உயிலின்றி இறந்தார். அத்தொகை கல்லூரிக்குப் போய்ச் சேரவேயில்லை.